இடது பக்கத்துக் கிரீஸ்

மாப்ளே,

உன் மகள் நிச்சயதார்த்தத்தில் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவனைத்தான் உதைக்க வேண்டும். கீரமங்கலத்து மண்டபம் நிறைந்த கூட்டம், பந்தி போட இன்னும் நேரமிருக்கிறது, "கலகலப்பா நாலு வார்த்தை பேசுங்கண்ணே" என்றார்கள். கண்மாய்க் கதையை எடுத்துவிட்டேன்.

உன் வருஷத் திதி முடிந்த கையோடு வைத்த விசேஷம். மேடையோரத்தில் மாலையோடு உன் படம். அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நீ மிலிட்டரி லாரியைத் தைலமரக் கட்டையோடு கண்மாய்க்குள் இறக்கிய கதையைச் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? தண்ணீருக்குள் எருமை மாதிரி வண்டி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றதை நடித்தும் காட்டினேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்ப பொண்ணு கையில கார் சாவியக் குடுத்துறாதீங்கப்பா!" என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு. உன் மனைவி எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போனாள். தங்கச்சி பாயசம் பார்க்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வசதியாக நினைத்துக்கொள்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, உனக்குத் தெரியும்.

இறங்கி வந்தால் வரவேற்பு மேசையில் சந்தனக் கிண்ணம். ஆள்காட்டி விரலை விட்டு ஒரு தொடு தொட்டேன். தொட்ட விரல் அப்படியே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் இதே விரலால் இதே வேலையைத்தானே செய்துகொண்டிருந்தேன்?

நாம் ஏலத்தில் எடுத்த அந்த லாரிக்கு எத்தனை முறை நீலம் அடித்தும், உரசிய இடமெல்லாம் பட்டாளத்துப் பச்சை எட்டிப் பார்க்கும். முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. தைலமரக் காட்டு மணலில் மற்ற லாரிகள் புதைந்து நிற்கும்போது நம்முடையது முனகிக்கொண்டே ஏறி வந்துவிடும். அதனால் அந்த முன் ஆக்சில்மேல் உனக்கு அப்படியொரு பக்தி. சாக்கை விரித்து அடியில் படுத்து கிரீஸ் அடிப்போம். வலது பக்கம் நீ, இடது பக்கம் நான்.

"பழைய கறுப்பு வெளிய வரணும் மாப்ள. வந்து முடிஞ்சு புதுசு தெரியிற வரைக்கும் அமுக்கு. பாதியில கைய எடுத்துராத" என்பாய்.

நான் அமுக்கினால்தானே பாதியில் எடுக்க? டப்பாவில் விரலை விட்டு, கிரீஸ் ஏற்றும் நிப்பிள் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பொட்டு வைப்பேன். சக்கரம் திரும்புகிற முட்டியின் விளிம்பில் ஒரு இழுப்பு. பார்த்தால் உள்ளேயிருந்து பிதுங்கி வந்த மாதிரியே இருக்கும். மாட்டுப் பொங்கல் மாடு தோற்றது போ. மிச்ச நேரமெல்லாம் படுத்தபடியே ஊர்க்கதை. யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் துபாயிலிருந்து சொல்லாமல் வந்து இறங்கினான் என்று. நடுவில் டிஃபரன்சியல் உருண்டை இருந்ததால் என் கை உனக்குத் தெரியாது.

"அங்கிட்டு முடிஞ்சிச்சா?"

"எப்பவோ!"

குளத்தூர்ப் பக்கம் லோடு ஏற்றி வந்த அன்று, கண்மாய்க் கரை வளைந்தது, வண்டி வளையவில்லை. நேரே இறங்கி முன்பாதி தண்ணீருக்குள். ஆடு மேய்த்தவர்கள், குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள்.

"யாருப்பா ஓட்டுனது?"

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "நாந்தாங்க. ஆளுக்கு ஒரு கை குடுங்க" என்றாய்.

"ரோடு கரைமேல கெடக்கு, நீ மீன் பிடிக்க வந்தியாக்கும்?" என்றார் ஒரு பெரியவர். முதலில் சிரித்தவன் நான். அன்று சாயங்காலமே டீக்கடையில் கதையை ஆரம்பித்துவிட்டேன். கண்மாய்க்குள் இறக்கியவன் என்று 'கம்மா டிரைவர்' எனப் பேர் வைத்ததும் நான்தான். பேர் பொன்னமராவதி வரைக்கும் போனது. லோடு தருகிறவர்கள், "கம்மா வர்றாரா? அப்ப வேற வண்டி பாத்துக்கிறோம்" என்றார்கள். பஸ் டிரைவர் வேலை கேட்டுப் போன இடத்திலும் அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்து அனுப்பினார்கள். அதையும் நீ சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னாய். கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸில்கூட உன் பேருக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள் 'கம்மா' என்று இருந்தது. பிழை இல்லாமல் பார்த்துக் கொடுத்தது யாரென்று நினைக்கிறாய்?

கை கழுவுகிற இடத்துக்கு உன் மகள் பின்னாலேயே வந்தாள்.

"மாமா, அப்பா நெசமாவே அவ்வளவு மோசமாவா ஓட்டுவாங்க?"

"ஏம்மா?"

"கார் பழகிக்கிட்டிருக்கேன். வளைவு வந்தா பிரேக்கப் போட்டு நிறுத்திர்றேன். அப்பா மாதிரின்னு எல்லாரும் சிரிக்கிறாங்க."

விரலில் சந்தனம் காய்ந்து இறுகிப்போயிருந்தது. அவளிடம் கிரீஸ் கதையைச் சொன்னேன். "தப்பு என் மேலதாம்மா. இடது பக்கம் நான் கிரீசே அடிக்கல. ஸ்டியரிங் இறுகிப்போச்சு. ஒங்கப்பா என்ன செய்வாரு?"

ஒழுகிக்கொண்டிருந்த குழாயைத் திருகி மூடினாள். "கல்யாணத்தன்னிக்கு இத மைக்குல சொல்வீங்களா?"

"சொல்றேம்மா."

"எருமை மாதிரி நடிக்காம?"

"நடிக்காம."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பவாச்சும் உண்மையச் சொன்னீங்களே மாமா, அது போதும்."

அவள் திட்டியிருந்தால் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். அன்றைக்கு இலையில் உட்காரவில்லை. நான் பந்தியைத் தவிர்த்தேன் என்றால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள், நீயாவது நம்பு.

கல்யாணத்துக்கு என்ன பேசுவது என்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன். கிரீஸ் வரைக்கும் நன்றாகவே வருகிறது. என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டால் சபை கைகூடத் தட்டும். அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தால், ஆக்சிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் குரல்: "பாதியில கைய எடுத்துராத." அந்த ஒரு சொல்லைத்தான் நான் இன்னும் கீழே வைக்க முடியாமல் அலைகிறேன்.

அன்று ஸ்டியரிங் இறுகவேயில்லை, மாப்ளே. லேசாகத்தான் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் அதைப் பிடித்துக்கொண்டு, உன் பக்கம் திரும்பி ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதா?