மதினி அர்த்தம் கேட்ட சொல்

மதினி,

நேற்று என் மகள் போடிமெட்டிலிருந்து ஒரு கை பச்சை ஏலக்காய் கொண்டுவந்தாள். கடையில் வாங்கும் காய்ந்த காயின் வாசம் வேறு. இது, சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கி வரும் உங்கள் சேலையின் வாசம். அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் காய்ச்சலில் போன பிறகுதான் நீங்கள் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போக ஆரம்பித்தீர்கள். எழுபதுகளின் கடைசி; நான் போடியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் சிலமலை முக்கில் ஜீப்பு நிற்கும். பெண்கள் நெருக்கியடித்து ஏறுவீர்கள். மலை ஏற ஏற நீங்கள் ஏதாவது சொல்ல, வண்டியே சிரிக்குமாம்.

அந்தச் சிரிப்புத்தான் ஊருக்குப் பொறுக்கவில்லை. "புருசன் செத்த ஈரம் காயல, ஜாலியா ஜீப்புல சுத்துறா" என்று குழாயடியில் யாரோ சொன்னது அம்மா காதுக்கு வந்துவிட்டது. "நாளையிலருந்து மலைக்குப் போக வேணாம்" என்றாள் உங்களிடம்.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது என்னைக் கேட்டீர்கள்.

"ஏத்தா, ஜாலின்னா கெட்ட வார்த்தையா?"

"இல்ல மதினி. இங்கிலீசு. சிரிச்ச முகமா, சந்தோசமா இருக்கிற ஆளச் சொல்றது. நம்மூர்லதான் ஊர் சுத்துறவங்களுக்குச் சொல்றாக."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

சட்டியைக் கழுவிக் கவிழ்த்தீர்கள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் போனீர்கள்.

"அத்தே, அவுக சொன்னது நெசந்தான். மலையில இருக்கையில சந்தோசமாத்தான் இருக்கேன். அவரு போனதுலருந்து எனக்குச் சோறு எறங்குறது அங்க மட்டுந்தான். அதுக்கும் போக வேணாங்கிறீகளா?"

மகனைப் பறிகொடுத்தவள் அம்மா. எழுந்து போய் மூலையில் இருந்த பெட்டியைத் திறந்தாள். "மேல குளிரும். அவன் கம்பளி பெட்டியில கெடக்கு, எடுத்துக்க" என்றாள்.

மறுநாள் அண்ணனின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜீப்பில் ஏறினீர்கள். ஊர் அதற்கும் பேசியது. அம்மாதான் குழாயடியில் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டு நின்றாள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு என் வீட்டுக்காரரும் போய்விட்டார். துக்கம் விசாரிக்க ஆள் வருவது நின்றபின், தெருப் பெண்கள் குற்றாலத்துக்குக் கூப்பிட்டார்கள். போனேன். அருவி தலையில் விழுந்தபோது என்னை அறியாமல் சிரிப்பு வந்தது. வாயை மூடப் போன கையை இறக்கிவிட்டு, நன்றாகவே சிரித்தேன் மதினி.