பக்கத்து மனையில் என்ன வருகிறது

செவ்வாய்க்கிழமை. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

பக்கத்து மனையில் சண்முகம் மாமா பட்டாசு குடோன் கட்டப் போகிறார். அதனால்தான் அப்பா எங்கள் வீட்டை விற்கிறார். வாங்க வருகிறவர்களிடம் மட்டும் அதைச் சொல்லக்கூடாதாம். "பத்திரம் முடியிற வரைக்கும் வானம் தோண்டாதீக மச்சான்" என்று மாமாவிடம் கெஞ்சினார். அஸ்திவாரம் தோண்டப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடுகளை இன்று காலையில் அப்பாவே விளக்குமாற்றால் கூட்டி அழித்தார்.

மாலையில் விஸ்வநத்தத்திலிருந்து ஓர் அக்கா கைக்குழந்தையோடு வீடு பார்க்க வந்தார். அடுப்படியைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அங்கன பட்டாசுக் கம்பெனியில வெடிச்சா பாத்திரம்பூரா உருண்டு விழும். எல்லாத்தையும் தரையிலதான் வச்சிருக்கேன். இங்கன அலமாரியில அடுக்கலாம்" என்றார்.

பிறகு என் அறை ஜன்னல் வழியாக அந்த மனையைப் பார்த்தார். "இதுல என்ன வருது?"

"கல்யாண மண்டபம்மா. இனி ஒங்களுக்குத் தெனமும் மேளச் சத்தந்தான்" என்று அப்பா சிரித்தார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நெசமாவா பாப்பா?"

"ஆமாக்கா" என்றேன்.

நாளை அட்வான்ஸ் கொடுக்க வருகிறார்கள். குழந்தைக்கு என் அறைதானாம். நல்ல காற்று வருகிறதாம். நான் உண்மையைச் சொன்னால் வீடு விற்காது. இந்த ஜன்னலுக்குக் கீழே நான்தான் படுத்திருக்க வேண்டும்.

அப்பாவுக்குப் பயந்து பொய் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. அக்கா கேட்டபோது அந்தக் குழந்தை என் கண்ணிலேயே படவில்லை. என் கட்டில்தான் தெரிந்தது.