கயலுக்கு எடுத்த டிக்கெட்

பிப்ரவரி 12, வியாழன்

சனிக்கிழமை சென்னைக்குக் கார் ரேஸ் பார்க்கப் போகிறோம். குடும்பமாக வெளியூர் போவது இதுதான் முதல் முறை. ஆசைப்பட்டுக் கேட்டதே மகள் கயல்தான். எந்த நம்பர் வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

இன்று சாப்பிடும்போது இவர் சாதாரணமாகச் சொல்கிறார்: "கயல் டிக்கெட்ட சுரக்குடியில இருக்குற எங்க அண்ணனுக்குத் தரேன்னுட்டேன். பொம்பளப் புள்ளைக்கு ரேஸுல என்ன இருக்கு?"

கயல் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

"காரைக்கால்லேந்து சென்னை வரைக்கும் கார் ஓட்டப்போறது யாருங்க?" என்றேன்.

இவருக்கு ஓட்டத் தெரியாது. நான்தான் ஓட்ட வேண்டும்.

"அவ வரலன்னா நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

பிறகு இவர் வாசலில் நின்று, "டிக்கெட் இல்லண்ணே" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அண்ணனிடம் மூன்று முறை வருத்தம் தெரிவித்தவர், கயலிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.