செவ்வாய்க் கப்பலின் கதவு

இயேசு மரி சூசை துணை

ராயபுரம்
22-11-1976

அன்புள்ள அண்ணன் அருள்நாதனுக்குத் தங்கை ஹில்டா எழுதிக்கொண்டது. அம்மாவும் நானும் சுகம். பிலாயில் குளிர் ஆரம்பித்திருக்குமே, கம்பளி வாங்கிக்கொண்டாயா?

நீ எழுதி அனுப்பிய செவ்வாய்க் கப்பல் நாடகம் நேற்று மாலை கோயில் கூடத்தில் நடந்தது. கேப்டனாகக் கமாலுதீன், மிஷின்காரனாக ரகுபதி. கமாலுதீன் கப்பலில் வேலை பார்த்தபோது சிங்கப்பூர் டெலிவிஷனில் இந்த மாதிரி ஒரு தொடர் பார்த்தவராம். அதில் எங்கே பார்த்தாலும் விளக்குதான் என்று சொல்லி, மேடையில் கப்பலாக நிறுத்தியிருந்த தகரம் முழுக்கக் கலர் பல்பு மாட்டிவிட்டார். ஜனங்கள் பல்பைப் பார்த்துச் சிரித்தார்கள். செவ்வாய் மனிதன் வந்ததும் ஒரே விசில். நாடகம் போச்சு என்றே நினைத்தேன்.

அப்புறம் விஷக்காற்று கசிகிற காட்சி வந்தது. மற்றவர்களைக் காப்பாற்ற வேண்டுமென்று, ரகுபதி உள்ளே இருக்கும்போதே மிஷின் அறைக் கதவைக் கேப்டன் அடைக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு பையன் நிற்கிறான். ரகுபதி உள்ளிருந்து தகரத்தைத் தட்டினான். தட்டத் தட்டச் சிரிப்பு அடங்கியது.

நீ எதை வைத்து எழுதினாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா சரக்குக் கப்பலின் அடியறையில் விஷக்காற்றில் மயங்கி விழுந்ததையும், இறங்கப் போனவர்களைத் தடுத்து, அவர் உள்ளே இருக்கும்போதே மேல்மூடியைப் போட்டதையும் நம் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. அப்போது நீயும் துறைமுகத்தில்தான் வேலையில் இருந்தாய். அடக்கம் முடிந்த மாதமே வடக்கே போய்விட்டாய்.

என் பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து நின்றார்கள். கத்தவில்லை. வீட்டில் பேசுகிற குரலிலேயே, "கதவத் தொறப்பா. உள்ள ஆளு கீறாரு" என்றார்கள்.

கமாலுதீன் அம்மாவையே பார்த்தார். அடுத்து அவர் கடமையைப் பற்றி நீளமாகப் பேச வேண்டும். பேசவில்லை. போய்க் கதவைத் திறந்தார். ரகுபதி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். அதற்கு மேல் வசனம் இல்லாமல் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். அம்மா உட்கார்ந்த பிறகுதான் திரையை இழுத்தார்கள்.

முடிவை மாற்றியதற்கு நீ கோபித்துக்கொள்வாயோ என்று கமாலுதீனுக்குப் பயம். யோசித்துப் பார்த்தால் அந்தச் சிங்கப்பூர்த் தொடரில் ஒரு விளக்குகூட நினைவில் இல்லையாம். ஊர் திரும்ப வழியில்லாத ஒருவன் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தது மட்டும்தான் மறக்கவில்லையாம். இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றான் ரகுபதி.

இன்று காலை மீன் கழுவிக்கொண்டே அம்மா கேட்டார்கள், "கேப்டனுக்குப் பின்னால ஒரு பையன் சும்மா நின்னுகினு இருந்தானே, அது நம்ம அருள்தானே?"

நாடகத்தில் நீ அந்தப் பையனுக்கு வசனமே எழுதவில்லை. எனக்குத் தெரியாது என்றேன். அம்மா மீனைக் கழுவி முடித்தார்கள். பிறகு, "கிறிஸ்மஸுக்கு வூட்டுக்கு வரச் சொல்லி எழுது" என்றார்கள்.

இத்தனை வருஷத்தில் அம்மா உன்னைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதிவிடாதே அண்ணா. வந்து சாப்பிடு, தூங்கு. அம்மா உன்னிடம் எதையும் கேட்க மாட்டார்கள். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

உனக்காகத் தினமும் ஜெபிக்கும்
ஹில்டா