தட்டில் ஏறிய பதினொரு கிராம்

ஜூன் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். என் தங்கை போய் ஒரு வருடமாகிறது. அதன்பிறகு உங்களுக்கு எழுத உட்காரும்போதெல்லாம், தொந்தரவாக இருக்குமோ என்று பேனாவை மூடிவிடுகிறேன்.

நம் தொழிற்சாலையின் ஆய்வகக் குறிப்பேடுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் புரட்டினேன். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். பாலியூரித்தேன் பசையில் சுடாத பச்சைக் களிமண் பொடியைக் கலந்தால், மண்ணின் ஈரம் பசையோடு சேர்ந்து வாயு கிளம்பும். பசை பொங்கி, ரொட்டிபோல ஓட்டை ஓட்டையாக உறையும். அதனால்தான் மண்ணை அறுநூறு டிகிரியில் சுட்டுக் கொடுத்தோம். சுட்ட மண் மூடிய பெட்டியில்தான் ஆற வேண்டும். திறந்து கிடந்தால் ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும். மூடுவது என் வேலை.

அந்த மழை வாரம், வெள்ளிக்கிழமை மாதிரித் தட்டில் இருந்த சுட்ட மண் ஆயிரம் கிராம். திங்கட்கிழமை ஆயிரத்துப் பதினொன்று. என் கையெழுத்துதான். நான் மூடாமல் போயிருக்கிறேன். அந்தப் பசையால் ஒட்டிய கதவுப் பலகைகள் பிரிந்து திரும்பி வந்ததும், கலவைப் பிரிவில் உங்கள் வேலை போனதும் என்னால்தான். நீங்கள் பசை கலந்த டிரம்மில் ஈரம் இல்லை. சரியாகத்தான் படித்தேனா என்று மூன்று முறை பார்த்துவிட்டேன்.

உங்கள்
மச்சான்

ஜூன் 20

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதத்தை நின்றுகொண்டே படித்து முடித்தேன். முழங்கால் நினைவே வரவில்லை.

"டிரம்மைத் தொடச்சியா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றார் மேனேஜர். தொடச்சேன் என்றேன். பத்துத் தடவை கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. துடைக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிலிருந்து நான் பூட்டிய பூட்டை நானே நம்புவதில்லை. குழாயை மூடியாச்சு என்பேன். "நீங்க மூடினா நான் ஒரு தடவை போய்ப் பாக்கணும்" என்று உங்கள் தங்கை எழுந்து போவாள். சிரித்துக்கொண்டுதான் போவாள்.

தெரியாமல் நடந்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? முப்பத்தொரு வருடம் கழித்துக் கண்டதை மறைக்காமல் எழுத எத்தனை பேருக்கு மனசு வரும்? நேற்று நன்றாகத் தூங்கினேன். அடுத்த மாதம் வந்து பத்து நாள் இருங்கள். சமையல் என் கையால்தான். அதனால் நீங்கள் அளவாகத்தான் சாப்பிடுவீர்கள்.

அன்புடன்
மாப்பிள்ளை

ஜூலை 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இருபத்தைந்தாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒன்றும் எழுதாமல் வந்துவிடலாம் என்று மூன்று நாள் முயன்றேன். முடியவில்லை.

குறிப்பேட்டின் அந்தப் பக்கம் எனக்குப் புதிதல்ல. திங்கட்கிழமை காலை எடையைக் குறிக்கும்போதே தெரியும். மறுபடி சுட இரண்டு நாள் ஆகும். அதை மேனேஜரிடம் போய்ச் சொல்லப் பயந்தேன். நூற்றுக்கு ஒன்றுதானே, பசை தாங்கிவிடும் என்று கீழே கலவைப் பிரிவுக்கு அனுப்பினேன். உங்களை உள்ளே கூப்பிட்டு விசாரித்தபோது வெளியே பெஞ்சில் இருந்தேன், குறிப்பேடு மடியில். அவர் பத்துத் தடவை கேட்கவில்லை. பதினான்கு. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பிறகும் வரலாமா என்று ஒரு வரி எழுதுங்கள்.

மச்சான்

ஜூலை 13

மச்சானுக்கு,

டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.

வேலை போனதற்காகச் சொல்லவில்லை. வேறு வேலை கிடைத்தது, பிள்ளைகளும் வளர்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவள் என் கையால் மாத்திரை வாங்கவில்லை. "அண்ணா, நீயே பாத்துக் கொடு. இவருக்குக் கவனம் பத்தாது" என்றாள். நான் தண்ணீர் டம்ளரோடு கதவருகே நின்றேன். நீங்கள் என்னை ஒரு முறை பார்த்தீர்கள். பிறகு மாத்திரையைப் பிரித்து அவள் கையில் வைத்தீர்கள்.

அன்று அறையில் நாம் மூன்று பேர்தான் இருந்தோம். பயப்பட மேனேஜர் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இனி எழுத வேண்டாம்.