ஆறு, பத்து, இரண்டு

மார்ச் 3, திங்கள்

பிரசவம் முடிந்து மகள் என் வீட்டுக்கு வந்து ஆறு நாள். குழந்தை பிறந்து ஒன்பது நாள். வீட்டில் எதுவும் அதனதன் இடத்தில் இல்லை. நாற்காலி முதுகில் ஈரத் துணி, சாப்பாட்டு மேசையில் பஞ்சு. குழந்தை நினைத்தபோது அழுகிறது. இவள் நினைத்தபோது எடுத்து மார்பில் போட்டுக்கொள்கிறாள். இப்படியே போனால் இருவரும் எப்போது தூங்குவது?

மாலையில் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு; மாலை ஆறு, இரவு பத்து, இரண்டு. பக்கத்துக்குப் பத்து நிமிடம். இடது சிவப்பு மை, வலது நீலம். முப்பத்தோரு வருடம் ஒரு பள்ளிக்கூடத்துக்கே அட்டவணை போட்ட கை. கோடு இன்னும் கோணவில்லை. கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டினேன்.

மாப்பிள்ளை வந்தவர் பார்த்துவிட்டு, "மணி அடிச்சா சாப்பாடா? ஜெயில் மாதிரி இருக்கே, அத்தை" என்றார். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 5, புதன்

பத்து மணிக்குக் கொடுக்க வேண்டியதற்கு ஒன்பதே காலுக்கே அழுகை. தோளில் போட்டு முக்கால் மணி நேரம் நடந்தேன். என் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. நடுவில் மகள், "பசிக்குதுன்னு நினைக்கிறேன்மா" என்றாள். "பழகிக்கும்" என்றேன்.

பத்து அடித்தபோது குழந்தை அழுது களைத்துத் தூங்கிவிட்டது. எழுப்பிக் கொடுத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி தூக்கம்.

மார்ச் 6, வியாழன்

இரண்டு பக்கமும் காம்பில் வெடிப்பு. குழந்தை வாய் வைத்ததும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறாள். கால்விரல்கள் மடங்குகின்றன. சத்தம் வரவில்லை. சத்தம் போடக்கூடாது என்று வளர்த்தவள் நான்தானே.

மார்ச் 8, சனி

"எனக்கு எத்தனை மாசம் பால் குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"பதினோரு மாசம்." எப்போதும் சொல்கிற பதில்.

"உங்களுக்கு வந்தது எனக்கு மட்டும் ஏன்மா வரல?"

சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். மாதம் இல்லை. பதினோரு நாள். அதன் பிறகு வற்றிவிட்டது. அவர்தான் பால் பவுடர் வாங்கி வருவார். டப்பாவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைத் தன் அம்மா கண்ணில் படாமல் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவருவார். அந்த டப்பாக்களில் ஒன்றில்தான் இன்னும் பொத்தான்கள் போட்டு வைத்திருக்கிறேன். அவர் போய் ஆறு வருடம். இப்போது இது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சொன்னால் என்ன? — சொன்னால் அவளுக்குப் பால் ஊறிவிடுமா?

மார்ச் 11, செவ்வாய்

தாய்சேய் மையத்தில் எடை பார்த்தோம். பிறந்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம். இன்று இரண்டு கிலோ அறுநூற்று எண்பது. நர்ஸ் குழந்தையைத் தட்டிலிருந்து எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார். அதே எண்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை குடுக்கறீங்க?"

"ஆறு."

"ஆறுதானா? யாரு சொன்னது?"

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாதான் டைம்டேபிள் போட்டுக்கிட்டேன், சிஸ்டர்."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

நர்ஸுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "அழுத பிள்ளை பால் குடிக்கும்னு கேட்டதில்லையா? அழற வரைக்கும்கூட விடக்கூடாதுங்க. சப்புக்கொட்டினாலே எடுத்துடணும். குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். மணி பார்த்துக் குடுத்தா, போதும்போலன்னு உடம்பு நிறுத்திக்கும்."

குழந்தை வாயை அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து, காம்போடு கருவட்டத்தையும் உள்ளே கொடுத்துக் காட்டினார். கட்டில் சட்டத்தைத் தேடும் மகளின் கை இன்று மடியிலேயே கிடந்தது. டாக்டரும் பார்த்தார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

உடம்பு நிறுத்திக்கும். வீடு வரை அந்த வார்த்தை கூடவே வந்தது. என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையிலும் ஆறு, பத்து, இரண்டுதான். ஒரு நாளும் ஒரு நிமிடம் தவறியதில்லை நான். கான்வென்டில் வளர்ந்தவள், மணி அடித்தால்தான் பசிக்கும். அப்படியென்றால்... இத்தனை வருடம் நான் என் உடம்பையா திட்டிக்கொண்டிருந்தேன்? கடிகாரத்தை அல்லவா திட்டியிருக்க வேண்டும்? போதாததற்கு அதே கடிகாரத்தைக் கொண்டுபோய் மகள் கண்ணெதிரே மாட்டினேன்.

மார்ச் 12, புதன்

அட்டவணையை எடுத்தேன். கூடவே கொஞ்சம் பெயிண்டும் பெயர்ந்து வந்தது. பொத்தான் டப்பாவைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியேதான் சொன்னேன், உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் டப்பாவைத் திறந்தாள். பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் எதுக்கும் லாயக்கில்லைன்னு நினைச்சு தினம் அழுதுட்டிருந்தேன். நீ ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

'நீ' என்றாள். ஏழெட்டு வயதோடு அவள் விட்ட வார்த்தை. நான் திருத்தவில்லை.

"நேத்து ஏன் நீ போட்டதா சொன்னே?"

"பின்ன? அத்தனை பேர் முன்னாடி உங்களை—"

குழந்தை சப்புக்கொட்டியது. மணி பதினொன்றே கால். பேச்சு அதோடு நின்றது.

மார்ச் 14, வெள்ளி

பன்னிரண்டு தடவை. எண்ணுவதை என்னால் நிறுத்த முடியவில்லை. சொல்வதை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

இரண்டு கிலோ எண்ணூற்று ஐம்பது. வெடிப்பு ஆறிவருகிறது. மகள் பிழிந்து வைத்த பாலை, அவள் தூங்கும்போது நான் ஸ்பூனில் ஊட்டுகிறேன். பாதி என் புடவைக்குத்தான். சாப்பாட்டு மேசையில் பஞ்சு அப்படியே கிடக்கிறது. கிடக்கட்டும்.

மார்ச் 25, செவ்வாய்

மூன்று கிலோ அறுபது.

மையத்தில் எங்களுக்கு அடுத்து ஒரு சின்னப் பெண்; மடியில் கத்துகிற குழந்தை, பக்கத்தில் மாமியார். "நாங்கல்லாம் மூணு வருஷம் குடுத்தோம். இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எங்க?" என்று பெஞ்சுக்கே அறிவித்துவிட்டு, சாட்சிக்கு என்னைப் பார்த்தார். "நீங்க எவ்வளவு நாள் குடுத்தீங்கம்மா?"

பெஞ்சில் ஆறு பேர். மகள் குழந்தையின் துணியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

"பதினோரு நாள்" என்றேன்.

அந்தச் சின்னப் பெண் அப்போதுதான் தலை நிமிர்ந்தாள்.

திரும்பும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. மகள் ஒரு தோளில் குழந்தையோடு மறுகையை நீட்டி, "பையைக் குடும்மா" என்றாள். கொடுத்தேன்.