வழக்கு முடிகிற வரை மரம் நிற்குமா?

ஸ்ரீ நஞ்சுண்டேஸ்வரர் துணை

விஜயநகர், மைசூர்
20-6-97

சிரஞ்சீவி தம்பி நாகபூஷணத்துக்கு அநேக ஆசீர்வாதம். வழக்கத்தை விடக்கூடாதென்று எழுதினேனே தவிர, வயிறு எரிகிறது.

அம்மா வீட்டில் எனக்கும் பங்கு உண்டென்று நான் போட்ட வழக்கு முடிகிற வரை, கொல்லை அரசமரத்தை நீ வெட்டக்கூடாது, அடியிலிருக்கும் நாகர் கல்லைப் பெயர்க்கக்கூடாது என்று தடை கேட்டேன். நேற்று முன்சீப் கோர்ட்டில் முடியாதென்று உத்தரவாகிவிட்டது. வாசலில் உன் வக்கீல் மாணிக்கவாசகம், “கேஸ் முடியட்டும் மாமி, அப்புறமா அப்பீல் போங்கோ” என்று சிரிக்கிறார். கேஸில் நான் ஜெயித்தால் வெட்டின மரம் எழுந்து நிற்குமா?

பிள்ளை வேண்டுமென்று அம்மா அந்தக் கல்லைப் பிரதிஷ்டை பண்ணித்தான் நீ பிறந்தாய். உன் பேரை நீயே ஒருதரம் சொல்லிப் பார்.

அக்கா வாலாம்பாள்

பெங்களூர்
27-6-97

அக்காவுக்கு நமஸ்காரம். இங்கே க்ஷேமம். என் பெண் அக்ஷதா மட்டும் கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் இன்னும் டாக்டர் டாக்டராக அலைகிறாள்.

கட்டடம் கட்டுகிறவர் ஆவணியில் பூமி பூஜை என்கிறார். கல்லை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவேரிக் கரையில் வைத்துவிடலாம், அங்கே நூறு கல் இருக்கிறது. நடுவில் வருகிற உத்தரவுக்கு அப்பீல் கிடையாதாம். கோபத்தை விடு.

நாகபூஷணம்

மைசூர்
3-7-97

நாகபூஷணத்துக்கு,

உன் வக்கீல் வாயில் பாதி உண்மைதான் வரும். மீதியை என் வக்கீல் சொர்ணலதா சொன்னாள். “வாய்தா தள்ளினதுக்கெல்லாம் நடுவுல அப்பீல் போக முடியாது மாமி. தடை கேட்டு மறுத்தா மட்டும் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டாம், சட்டமே வழி விட்டிருக்கு.” நேற்றே ஜில்லா கோர்ட்டில் போட்டாயிற்று.

காவேரிக் கரையில் நூறு கல்லா? ஊரில் நூறு அம்மா இருந்தார்களே, நீ யாரிடம் பால் குடித்தாய்?

வாதி வாலாம்பாள்

பெங்களூர்
25-7-97

அக்காவுக்கு,

ஜில்லா கோர்ட்டு கொடுத்த தடை உத்தரவின் நகல் வந்தது. மரத்தைத் தொடமாட்டேன். வழக்கையும் விடமாட்டேன்.

இன்னொன்று, எழுத வெட்கமாக இருக்கிறது. “பாட்டி வெச்ச கல்லுக்கு நாகபஞ்சமிக்கு நான் பால் விடணும், அத்தையைக் கேளுப்பா” என்று அக்ஷதா அழுகிறாள். கொல்லைச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது.

நாகபூஷணம்

மைசூர்
29-7-97

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம்.

அசட்டுப் பெண். அத்தையைக் கேட்க அப்பா சிபாரிசு எதற்கு? பஞ்சமி வெள்ளிக்கிழமை. முதல் நாளே வந்துவிடச் சொல். ஈரப் புடவையோடு சுற்ற வேண்டும், மாற்றுப் புடவை என்னிடம் இருக்கிறது. அன்றைய பால் கணக்கில் அரை லிட்டர் கூட்டி எழுதிவிட்டேன்.

நீயும் வந்து சுற்று. மரத்தை மட்டும் தொடாதே. கோர்ட்டு உத்தரவு கிடக்கட்டும். சனிக்கிழமை தவிர அரசமரத்தைத் தொடக்கூடாதென்று அம்மா போட்ட உத்தரவுக்கு எந்தக் கோர்ட்டிலும் அப்பீல் கிடையாது.

அடுத்த வாய்தாவில் பார்ப்போம்.

வாதியும் அக்காவுமான
வாலாம்பாள்